கணக்கில் சேராத ஆட்டங்கள்

2024 செப்டம்பர் கடைசியில் போனில் இருந்த பேஸ்பால் ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். கோபத்தில் செய்ததில்லை. கோபமாக இருந்திருந்தால் இரண்டு நாளில் திரும்ப ஏற்றியிருப்பேன். சியாட்டில் மரினர்ஸ் அணியை வருடக்கணக்காக, ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை கிட்டத்தட்டத் தினமும் பார்த்து வந்தவன் நான். அந்த அணி அன்றைக்கு ஜெயித்ததா தோற்றதா என்று யாரையாவது கேட்கக்கூட மனம் வரவில்லை. அலுவலகத்தில் யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் காபி எடுக்கப் போவதுபோல நகர்ந்துவிடுவேன்.

மரினர்ஸைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் வருடத்துக்கு 162 ஆட்டம், அதாவது ஆறு மாதத்துக்கு அநேகமாகத் தினம் ஓர் ஆட்டம். அந்த முப்பது அணிகளில், இறுதிப் போட்டியான உலகத் தொடரை ஒருமுறைகூட எட்டாத ஒரே அணி, 1977இல் ஆடத் தொடங்கிய மரினர்ஸ்தான். இத்தனைக்கும் 2001இல் 116 ஆட்டம் ஜெயித்தார்கள்; 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம் அது. அப்படி ஆடிய அணி அந்த அக்டோபரில் யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது, அப்புறம் 2022 வரை, 162 ஆட்டம் முடிந்தபின் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று, ஆட்டத்தின் கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மாற்று பேட்டராக உள்ளே வந்த கால் ராலி கிரிக்கெட் சிக்ஸர்போல எல்லையைத் தாண்டி அடித்த ஹோம் ரன்தான் அந்த நீண்ட வறட்சியை முடித்து வைத்தது. அன்றிரவு நாங்கள் வீட்டில் போட்ட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். சண்டைக்கு இல்லை. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்திருக்கிறது.

அதற்கடுத்த இரண்டு வருடங்கள்தான் என்னை உருக்கிவிட்டன. 2023இல் 88 வெற்றி, பிளேஆஃபுக்கு ஓர் ஆட்டம் குறைவு. 2024 ஜூன் மத்தியில் எங்கள் பிரிவில் 10 ஆட்ட முன்னிலையில் இருந்தோம்; ஒரு மாதத்தில் அந்த முன்னிலை முழுக்கக் கரைந்துபோனது. ஆகஸ்டில் மேனேஜரை மாற்றி, முன்பு இதே அணிக்கு, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடிய டான் வில்சனைக் கொண்டுவந்தார்கள். லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கர்பி, பிரையன் வூ, பிரைஸ் மில்லர், லூயிஸ் காஸ்டில்லோ என்று வேறெந்த அணியும் பொறாமைப்படுகிற பிட்சர் வரிசை, அதாவது பந்து எறிபவர்கள்; பேட்டிங்கிலோ, பந்தை அடிக்காமலே அவுட் ஆகும் ஸ்ட்ரைக் அவுட் மேஜர் லீகிலேயே அதிகம். கடைசியில் 85 வெற்றி. மறுபடியும் ஓர் ஆட்டம் குறைவு.

அந்த ஓர் ஆட்டம் என்னை என்ன செய்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். 162 ஆட்டம் என்பதில் ஒரு நிம்மதி உண்டு. இன்றைக்குப் போனால் நாளைக்கு இன்னொன்று இருக்கிறது. நல்ல அணிகளே அறுபது, எழுபது ஆட்டம் தோற்கும். இதைப் பழகிக்கொண்டவர்களால்தான் பேஸ்பாலை நிதானமாகப் பார்க்க முடியும், ஒரு தோல்வி ராத்திரியோடு முடிந்துவிடும். ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தில் வருடமே போய்விட்டது என்று ஆனபிறகு, அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஆனபிறகு, 162இல் எது அந்த ஆட்டம்? ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, குளிரில், பாதி மைதானம் காலியாகக் கிடக்கும்போது ஏழாவது இன்னிங்ஸில் ஒருவர் நழுவவிட்ட பந்து, அதுதானா? மே மாதத்தில் ஓய்வு கொடுக்க வேண்டிய பிட்சரை இன்னொரு பேட்டருக்கு விட்டுவைத்தார்களே, அதா? எதுவாகவும் இருக்கலாம் என்பதால் எல்லாமே அதுவாக ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்தையும் வருடத்தின் கடைசி ஆட்டம்போலப் பார்த்தேன், அப்படி 162 நாள் பார்க்க ஒரு மனிதனால் முடியாது.

இதற்கு போனும் சேர்ந்துகொண்டது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவி அமைப்பு இருக்கிறது. பந்து மட்டையிலிருந்து என்ன வேகத்தில் போனது, என்ன கோணத்தில் எழுந்தது, பிட்சர் கையை விட்டபின் எத்தனை சுற்று சுற்றியது, எல்லாம் சில வினாடிகளில் கைக்கு வந்துவிடும். நான் எண்களுக்கு எதிரியில்லை. என் பிழைப்பே தரவோடுதான், அந்த எண்கள் இல்லாமல் இந்த ஆட்டத்தில் எனக்குப் பல விஷயம் புரிந்திருக்காது. என்னை அரித்தது இன்னொரு எண்: அணி ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒவ்வொரு பிட்சுக்கும் ஏறி இறங்கும் அந்தக் கோடு. பாத்திரம் கழுவும்போதும் அந்தக் கோடு, மகளின் பள்ளிக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கோடு. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்தை அந்தந்த மாநிலங்களின் முடிவுக்கு விட்டபிறகு தேசிய ஒளிபரப்புகளில் பந்தய விளம்பரம் வந்து நிறைந்ததும் சேர்ந்து, ஆட்டம் என்பதே அடுத்த விநாடி என்ன ஆகும் என்ற கணிப்பாகச் சுருங்கிவிட்டது. மைதானத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள் என்பது மறந்துபோனது.

மனைவி ஒருநாள் கேட்டாள். "ஏங்க, ஜெயிச்சாலும் முகம் அப்படியேதானே இருக்கு, அப்புறம் எதுக்குப் பாக்கறீங்க?" பதில் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை. அந்த செப்டம்பரில்தான் ஆப்களை நீக்கினேன்.

குளிர்காலம் அமைதியாகப் போனது. 2025 ஜனவரியில் மரினர்ஸின் பழைய நட்சத்திரம் இச்சிரோ சுசுகி, பேஸ்பாலின் பெருமைக் கூடமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார், 394 வாக்கில் 393. மற்ற வருடமாக இருந்திருந்தால் அந்த ஒற்றை வாக்கைப் பற்றியே நான் ஒரு வாரம் பேசியிருப்பேன். செய்தியைப் படித்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, மூடிவைத்துவிட்டேன்.

மார்ச்சில் அரிசோனா போனதும் பேஸ்பாலுக்காக இல்லை. கல்லூரி நண்பன் ஒருவன் சாண்ட்லரில் இருக்கிறான். சிப் தொழிற்சாலைகளை ஒட்டி நம் ஆட்கள் நிறையப் பேர் குடியேறிய ஊர் அது. "மழையிலேயே ஊறிக் கெடக்காம ஒரு நாலு நாள் வெயில்ல வந்து உக்காருடா" என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சியாட்டிலில் இருந்து ஃபீனிக்ஸ் மூன்று மணி நேர விமானம். பகலில் அவனுக்கு வேலை. முதல் நாள் அவன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன், இரண்டாம் நாள் காலையில் அவன் கார் சாவியை வாங்கிக்கொண்டு 101 நெடுஞ்சாலையில் ஏறி, ஊரை ஒரு பெரிய வளைவாகச் சுற்றி வடமேற்கில் இருக்கும் பியோரியாவுக்குப் போய்விட்டேன். மரினர்ஸின் வசந்தகால முகாம் அங்கேதான். எதற்குப் போகிறேன் என்று வழியில் யோசித்தேன், தெளிவாக எதுவும் தோன்றவில்லை. வெயில் நன்றாக இருந்தது.

ஸ்பிரிங் டிரெய்னிங் என்பது கிரிக்கெட்டில் தொடருக்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களைப் போன்றதில்லை, அதைவிட மிகப் பெரிய ஏற்பாடு. பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முதலில் வந்து சேர்வார்கள். குளிர்காலத்துக்குப் பிறகு எறியும் கையை ஒரேயடியாகத் தீட்ட முடியாது. முதலில் ஓர் இன்னிங்ஸ், அப்புறம் இரண்டு, மூன்று என்று வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், பிடிப்பதற்குக் கேட்சர் வேண்டும், அதனால் அவர்கள் முதலில். மற்றவர்கள் சில நாள் கழித்து வருவார்கள். முகாமில் அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். மார்ச் கடைசியில் சீசன் தொடங்கும்போது 26 பேர்தான் அணியில். நடுவில் மற்ற அணிகளோடு முப்பது ஆட்டம் போல ஆடுவார்கள், அதில் ஒன்றுகூடப் புள்ளிப்பட்டியலில் சேராது. 15 அணிகள் புளோரிடாவில், 15 அணிகள் அரிசோனாவில். அரிசோனா அணிகள் எல்லாமே ஃபீனிக்ஸைச் சுற்றித்தான், காலையில் ஒரு மைதானம் மாலையில் ஒரு மைதானம் என்று பார்த்துவிடலாம்.

இது அரிசோனாவுக்கு எப்படி வந்தது என்பதில் ஒரு கதை உண்டு. 1947இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் ஃபீனிக்ஸுக்கும், கிளீவ்லாந்து அணி டூசானுக்கும் வந்ததுதான் ஆரம்பம். கிளீவ்லாந்தின் உரிமையாளர் பில் வீக், அதே வருடம் ஜூலையில் லாரி டோபியை அணியில் சேர்த்தார். மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரர் டோபி. புளோரிடாவின் நிறவெறிச் சட்டங்களிலிருந்து விலகி நிற்க டூசான் உதவும் என்பது வீக்கின் எண்ணமாக இருந்தது. ஆனால் அடுத்த வசந்தத்தில் டூசானிலும் அணி தங்கிய ஹோட்டலில் டோபிக்கு இடம் தரவில்லை. இன்றைக்கு வெயிலையும் பியரையும் ரசிக்கிற இடமாக இதைப் பார்க்கிறோம், அந்த மனிதர் பயிற்சி முடிந்ததும் சக வீரர்களை விட்டுவிட்டு வேறொரு வீட்டுக்குத் தூங்கப் போனார் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

பியோரியாவில் மரினர்ஸும் சான் டியாகோ பாட்ரேஸும் ஒரே வளாகத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு அணிகள் சேர்ந்து இருப்பதற்காகவே கட்டிய முதல் முகாம் அது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நடுவில் மைதானம், அதன் பின்னால் இரண்டு பக்கமும் பயிற்சி மைதானங்கள். ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு மேல்தான். நான் போய்ச் சேர்ந்தது காலை ஒன்பதரை. டிக்கெட் இல்லாமலே கம்பி வேலி ஓரமாக நின்று பயிற்சியைப் பார்க்கலாம்.

முதலில் நான் பார்த்தது பிட்சர்கள் முதல் பேஸுக்கு, அதாவது பேட்டர் பந்தை அடித்துவிட்டு முதலில் எட்ட வேண்டிய மூலைக்கு, ஓடுகிற பயிற்சி. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், என் மனம் மாறியது அங்கேதான். பேட்டர் பந்தை வலது பக்கமாகத் தரையில் தட்டிவிட்டால் முதல் பேஸ்காரர் பந்தைப் பிடிக்க பேஸை விட்டு நகர்ந்துவிடுவார். அப்போது காலியான பேஸுக்கு ஓடி வந்து பந்தை வாங்கிக் காலால் தொட வேண்டியவர் பிட்சர். நேராக பேஸை நோக்கி ஓடினால் எதிரே வருகிற ஓட்டக்காரரோடு மோதிவிடுவார். அதனால் பேஸுக்குப் பத்து, பன்னிரண்டு அடி முன்பாகக் கோட்டோரமாக ஓர் இடத்தைக் குறிவைத்து ஓடி, அங்கிருந்து திரும்பிக் கோட்டை ஒட்டி மேலே ஏறி, ஓடிக்கொண்டே பந்தை வாங்கி, பேஸின் உள்விளிம்பை மட்டும் வலது காலால் தொட்டுவிட்டு மைதானத்தின் உட்பக்கமாக விலக வேண்டும். பந்து கைக்கு வரும்போது கண் பந்தில். வந்த மறுகணம் கண் பேஸில். இதெல்லாம் நான்கு விநாடிக்குள்.

இதை அவர்கள் வரிசையில் நின்று செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மேட்டில் ஏறிப் பந்து எறிவதுபோல் பாவனை செய்வார், பயிற்சியாளர் ஃபங்கோ மட்டையால் பந்தைத் தரையில் தட்டுவார். ஃபங்கோ என்பது பயிற்சியாளர்களுக்கே உரிய மட்டை, ஒல்லியாக, நீளமாக, எடை குறைவாக இருக்கும்; நாள் முழுக்க அடித்தாலும் தோள் விட்டுப்போகாது. தட்டியதும் பிட்சர் ஓடுவார், வாங்குவார், தொடுவார், வரிசையின் கடைசிக்குப் போவார். அடுத்தவர். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பிட்சருக்குப் பின்னால், இந்த வருடம் எந்த ஊரில் ஆடுவோம் என்றே தெரியாத இருபது வயதுப் பையன் நிற்கிறான். இருவருக்கும் அதே தட்டு, அதே ஓட்டம். ஒருவர் பேஸின் நடுவில் மிதித்துவிட்டார். பயிற்சியாளர் கையைத் தூக்கினார். எதுவும் சொல்லவில்லை. அந்த ஆள் தானாகத் திரும்பி வந்து மறுபடி ஓடினார்.

சீசனில் இது நடக்கும்போது தொலைக்காட்சியில் அரை விநாடி தெரியும், அவுட், விளம்பரம் வந்துவிடும். எத்தனையோ நூறு தடவை பார்த்திருப்பேன், அந்தக் கோட்டை ஒட்டித் திரும்புகிற வளைவைக் கவனித்ததே இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசை முழுவதும் முடிகிறவரை நின்றேன். பக்கத்து மைதானத்தில் கேட்சர்கள் மண்ணில் குத்தி வரும் பந்துகளை மார்பால் தடுத்துக்கொண்டிருந்தார்கள். பிடிக்க முயலக் கூடாது, அதுதான் அந்தப் பயிற்சி. முழங்கால்களை மடக்கி இறங்கி, தோளை உள்ளே குவித்து, பந்து மேலே பட்டுத் தனக்கு முன்னால் விழும்படி செய்ய வேண்டும். கால் ராலி அந்தக் கூட்டத்தில் இருந்தார். முந்தைய வருடம்தான் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஃபீல்டருக்கான பிளாட்டினம் கிளவ் வாங்கியவர். பந்து அவர் கழுத்துக் கவசத்தில் பட்டு எகிறியது, சட்டையெல்லாம் செம்மண், எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

அப்புறம் இச்சிரோ. அவர் ஆடி ஓய்வுபெற்றது 2019இல். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் அணியின் ஆலோசகராகப் பியோரியாவுக்கு வருகிறார் என்று படித்திருந்தேன். அவர் முழுச் சீருடையில் வருவார், 51 வயதில் மற்ற வீரர்களுக்கு முன்பே வந்து உடம்பை வளைத்து நீட்டிப் பயிற்சி செய்வார் என்பதைக் கண்ணால் பார்ப்பது வேறாக இருந்தது. 2004இல் ஒரே சீசனில் 262 ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டிய அடிகள்), 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257ஐத் தாண்டிய மனிதர். அந்தக் கோடையில் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஏறப் போகிறவர். வெளிமைதானத்தில் நின்று ஓர் இளைஞனோடு பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். எறிவார், இரண்டடி பின்னால் போவார், எறிவார், இரண்டடி பின்னால் போவார். தூரம் கூடக்கூட அந்த இளைஞனின் பந்து வளைந்து உயரமாக வந்தது, இச்சிரோவின் பந்து தாழ்வாக, நேர்கோட்டில் போனது. யாரும் கைதட்டவில்லை. வேலியோரம் நின்றவர்கள் பேசுவதைக்கூட நிறுத்தியிருந்தோம்.

மதியம் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். வெளிமைதானத்துக்குப் பின்னால் புல்மேட்டில் துணி விரித்து உட்காரலாம், ஆனால் வெயிலுக்குப் பயந்து மூன்றாம் பேஸ் பக்கம் நிழலில் இடம் எடுத்தேன். பக்கத்தில் யாக்கிமாவிலிருந்து வந்த எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மடியில் ஸ்கோர் புத்தகம். வாஷிங்டன் மாநிலத்து ஆள் நானும் என்றதும் சந்தோஷப்பட்டார். பேஸ்பாலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3 என்று தொடங்கி வலது வெளிமைதானம் 9 வரை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் என்றால் 6-3. பந்து கண்ணில் பட்டதும் கை தானாக எழுதும். நான் சியாட்டில் வந்த புதிதில், இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதற்காக அப்படி எழுதியிருக்கிறேன், போன் வந்தபின் விட்டுப்போனது. அந்த அம்மா பின்பக்கத்திலிருந்து இரண்டு வெற்றுத் தாளைக் கிழித்து, உபரியாக வைத்திருந்த பென்சிலோடு என்னிடம் நீட்டினார். வசந்தகால ஆட்டத்தில் ஸ்கோர் எழுதுவது கடினம், ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எல்லோரும் மாறிவிடுவார்கள். "முதலில் சட்டை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், பெயர் அப்புறம் வரும், சில சமயம் வராது" என்றார்.

முதல் மூன்று இன்னிங்ஸ் எறிந்த எங்கள் பிட்சர் அனுபவசாலி. மாறுவேகப் பந்து ஒன்றைத் திரும்பத் திரும்ப எறிந்துகொண்டே இருந்தார். இரண்டு தடவை அடிபட்டுச் சுவரில் போய் மோதியது. சீசனில் இப்படி ஒரு பந்தை இரண்டாம் தடவை எறிந்திருந்தால் நான் எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பேன். இங்கே அவர் கேட்சரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மூன்றாம் தடவையும் அதையே எறிந்தார். ஒரு பிடியைப் பழகிக்கொள்கிறார், அவ்வளவுதான். அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து வளைவது குறையும், அடித்த பந்து இன்னும் தூரம் போகும்; அங்கே அடிபட்டதை வைத்து ஏப்ரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். அந்தப் பந்து கடைசியில் ஒரு பேட்டரை முழுக்க முன்னால் இழுத்து, மட்டையை வெறும் காற்றில் வீச வைத்தது. அந்த ஒரு வீச்சுக்காக அவர் இரண்டு டபுள், அதாவது பேட்டரை இரண்டாம் பேஸ் வரை போகவிடும் அடி, கொடுத்திருக்கிறார். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு உரிய K என்று எழுதினேன்.

ஐந்தாவது முடிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. நட்சத்திரங்கள் குளித்து முடித்துக் காரில் ஏறியிருப்பார்கள். உள்ளே வந்தவர்களின் முதுகில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எண்கள், சிலருக்குப் பெயரே இல்லை. மைனர் லீக் முகாமிலிருந்து அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு வந்தவர்கள். 2025இல் மேஜர் லீகில் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 7,60,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே டிரிபிள்-ஏ மைனர் லீகில் குறைந்தபட்சம் 35,000க்குக் கொஞ்சம் மேல்தான். மைனர் லீகில் ஆடி, மேஜர் லீகைத் தொடாமலே ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். எட்டாவது இன்னிங்ஸில் நிற்கிற இந்தப் பையன்களுக்கு அது ஆட்டம் முடிந்துபோன நேரம் இல்லை. ஒரு மேஜர் லீக் மேனேஜர் தன்னைப் பார்க்கிற அரைமணி நேரம்.

ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற பையனுக்குச் சட்டையில் பெயர் இல்லை. அவனுக்கு வலப்பக்கமாக, மூன்றாம் பேஸுக்கும் அவனுக்கும் இடைப்பட்ட ஆழத்தில் ஒரு பந்து உருண்டு போனது. பாய்ந்து, கையுறையைத் திருப்பிப் பிடித்து, காலை ஊன்றி எறிந்தான். அரையடியில் தப்பித்துவிட்டார் ஓட்டக்காரர். ஸ்கோர் தாளில் அது எதிரணிக்கு ஒரு ஹிட், அவன் பெயர் அதில் எங்கும் வராது. இன்னிங்ஸ் முடிந்து திரும்பும்போது பயிற்சியாளர் ஒருவர் படியிலேயே அவனை நிறுத்தித் தன் கால்களை வைத்துக் காட்டினார்: முதல் அடி பக்கவாட்டில் போகாமல் கொஞ்சம் சாய்வாகப் பின்னால். அவன் காலை மட்டும் அசைத்து அதைச் செய்து பார்த்தான். ஒன்பதாவதில், ஏறக்குறைய அதே இடத்துக்கு இன்னொரு பந்து. அதே முதல் அடி, இந்தத் தடவை சாய்வாக. பந்துக்கு முன்னாலேயே போய் நின்று பிடித்து எறிந்தான். அவுட். பக்கத்திலிருந்த அம்மா என் முழங்கையைத் தட்டினார், அவரும் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இருவரும் 6-3 என்று எழுதினோம்.

அந்த நேரத்தில் ஸ்கோர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தாளைக் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்துக்கு ஐந்து. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, சமநிலை, வசந்தத்தில் அதற்குமேல் ஆடமாட்டார்கள், எல்லோரும் எழுந்து கிளம்பினார்கள். ஜெயிக்காமலும் தோற்காமலும் ஒரு ஆட்டம் முடிந்து, மூன்று மணி நேரம் ஒரு பந்தையும் விடாமல் பார்த்திருந்தேன். சாண்ட்லர் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பையனின் கால்தான் கண்ணில் நின்றது. அடுத்த நாளும் போனேன். நண்பன் முறைத்தான், அதற்கடுத்த நாள் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கிரிக்கெட் மட்டுமே பார்க்கிற அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இத்தனை வருடத்தில் எனக்குள் சேர்ந்திருந்த பேஸ்பால் எவ்வளவு என்று தெரிந்தது.

சீசன் தொடங்கியபோது ஆப்களைத் திரும்ப ஏற்றவில்லை. வானொலியில் கேட்டேன். வானொலியில் அந்தச் சதவீதக் கோடு இல்லை; மரினர்ஸின் வானொலி வர்ணனையாளர் ரிக் ரிஸ் தன் குரலில் பந்து எங்கே போகிறது என்று சொல்வார், இடைவெளியில் கூட்டத்தின் இரைச்சல் கேட்கும், நாம் மைதானத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். வாரத்தில் சில ஆட்டம் தவறிப்போகும், போகட்டும் என்று விட முடிந்தது. மைதானத்துக்குப் போனால் பென்சில். மகளுக்கு எண்களைச் சொல்லிக் கொடுத்தேன், அவளுக்கு ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் ஆகும் 6-4-3 இரட்டை அவுட்தான் மிகவும் பிடிக்கும், அதற்காகவே எதிரணியினர் முதல் பேஸுக்கு வரட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

2025 எப்படிப் போனது என்பது பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மார்பில் பந்து வாங்கிக்கொண்டிருந்த அந்த கால் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். ஒரு கேட்சர் ஒரு சீசனில் அத்தனை அடித்ததே கிடையாது. 90 வெற்றி, 2001க்குப் பிறகு முதல்முறையாகப் பிரிவில் முதலிடம். பிளேஆஃபில் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம் 15 இன்னிங்ஸ் போய், ஹோர்கே பொலாங்கோவின் ஹிட்டில் 3-2 என்று முடிந்த இரவு சியாட்டிலில் யாரும் தூங்கியிருக்கமாட்டார்கள். அப்புறம் டொராண்டோ. ஏழாவது ஆட்டம், 3-1 என்று முன்னிலை, உலகத் தொடருக்கு இன்னும் எட்டு அவுட். ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரனில் அது போனது. 4-3.

அன்றிரவு அழுதேன். மகளும் அழுதாள். முன்பு தோற்றபோதெல்லாம் எனக்குள் ஒரு மரத்த தன்மைதான் இருக்கும், எதையாவது திட்டிக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை வலித்தது, ஆனால் மறுநாள் காலையில் ஸ்கோர் எழுதிய தாளை எடுத்து உட்கார்ந்து, அந்த ஏழாவது இன்னிங்ஸ் வரையிலும் என்னென்ன நடந்தது என்று இருவருமாகத் திரும்பப் படித்தோம். அதில் எங்கள் ஆட்கள் செய்த அழகான விஷயங்கள் எத்தனையோ இருந்தன. ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறைகூட வரவில்லை. மகள் கேட்டது ஒன்றுதான், பிட்சர்களும் கேட்சர்களும் எந்தத் தேதியில் வருவார்கள் என்று.

மார்ச்சில் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2026போல உலக பேஸ்பால் கிளாசிக் நடக்கும் வருடமென்றால், நட்சத்திரங்கள் பலர் தங்கள் நாட்டுக்காக ஆட முகாமிலிருந்து கிளம்பிவிடுவார்கள். அதை நினைத்துப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் விட்டுப்போகிற இடங்களில் தொண்ணூற்றி சொச்சம் எண் போட்ட பையன்கள் இன்னும் அதிக நேரம் ஆடுவார்கள். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், தொப்பி வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும், வேலியோரமாக பிட்சர்கள் முதல் பேஸுக்கு ஓடும் மைதானத்தைத் தேடுங்கள். ஆட்டத்துக்கு ஒரு பென்சில். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து எல்லோரும் எழும்போது நீங்களும் எழுந்துவிடாதீர்கள், முன்வரிசை காலியாகும், இறங்கிப்போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.